ரைட் என்றால் எந்தப் பக்கம்

விமானம் தரையிறங்கியதும் தானாகவே போய் ஓரமாக நின்றுகொள்ளும் என்று நம்புகிறவர்கள் நாட்டில் ஏராளம். புனே விமான நிலையத்தில் வேலைக்குச் சேரும்வரை நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். சக்கரம் தரையைத் தொட்டதோ இல்லையோ, எல்லோரும் எழுந்து தலைக்கு மேலே இருக்கும் பெட்டிகளை இழுத்துப் பக்கத்து ஆள் மண்டையில் போடுவார்களே, அந்த நேரத்தில் வெளியே ஒரு ஆள் வெயிலில் நின்று கையில் இரண்டு மட்டைகளை வைத்து ஆட்டிக்கொண்டிருப்பார். அவர் காட்டுகிறபடிதான் விமானம் வரும், திரும்பும், நிற்கும். மூக்குக்கு அடியில் இருக்கும் சக்கரம் பைலட்டின் கண்ணுக்குத் தெரியாது. அது மஞ்சள் கோட்டின் மேல் ஓடுகிறதா, கோட்டை விட்டு விலகுகிறதா என்பது எதிரே நிற்கும் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளுக்கு மார்ஷலர் என்று பெயர்.

பெயர் என்னவோ மிடுக்காகத்தான் இருக்கிறது. நான் அந்தப் பயிற்சியில் சேர்ந்த செய்தியைப் பொள்ளாச்சியில் இருக்கும் என் சித்திக்குப் போனில் சொன்னேன்.

"அசெம்ப்ளில ஆளுகளக் குண்டுக்கட்டாத் தூக்கி வெளிய போடுவாங்களே, அந்த மார்ஷலா கண்ணு?"

"இல்லீங் சித்தி. பிளேனு வந்து நிக்கறதுக்கு வழி காட்டோணும். பார்க்கிங் மாதிரின்னு வெச்சுக்குங்க."

"பார்க்கிங்கா? அதுக்கும் டோக்கன் கிழிச்சுக் குடுப்பீங்களா?"

டோக்கன் எல்லாம் கிடையாது என்றேன். சித்திக்குச் சப்பென்று ஆகிவிட்டது. டோக்கன்கூட இல்லாத பார்க்கிங் என்ன பார்க்கிங் என்று நினைத்திருப்பார். ஊரில் யாரிடமும் அதைப் பற்றி அவர் பெருமை பேசியதாகத் தகவல் இல்லை.

என் கணவருக்குப் புனே மகர்பட்டாவில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பகல் முழுக்க அதை ஆபீசில் செய்துவிட்டு, மிச்சம் மீதி இருப்பதை வீட்டுக்கு வந்து செய்வார். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த நான், கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டு நாலு வருஷம் வீட்டில் இருந்தேன். பிறகு விமான நிலையத்தில், விமானங்களுக்குத் தரையில் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். எந்த விமானத்தில் எத்தனை பேருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று பட்டியல் எழுதும் மேசை எனக்குக் கிடைத்தது. வரும்போது சக்கர நாற்காலி கேட்டவர்கள் பெல்ட்டில் பெட்டியைக் கண்டதும் எழுந்து ஓடுவதைப் பார்ப்பதுதான் அந்த மேசையில் இருந்த ஒரே ஆன்மிக அனுபவம்.

மேசைக்கு எதிரே ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் விமானங்கள் நிற்கும் இடம். அதை ஏப்ரன் என்பார்கள். சமையல்கட்டில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணிக்கும் அதே பெயர்தான். பெண்ணாய்ப் பிறந்தவள் சமையல்கட்டை விட்டு வெளியே வந்தாலும் ஏப்ரன் விடாது போலிருக்கிறது.

அந்த ஜன்னல் வழியாக ஒரு நாள் காலையில் பார்த்தேன். சுமார் இருநூறு பேரைச் சுமந்துகொண்டு இரைச்சலோடு வந்த விமானம், எதிரே தனியாக நின்ற ஒரு ஆள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்ததும் அப்படியே நின்றது. நாலு வருஷமாக நானும் "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கணவர் நின்றதில்லை. ஆட்டோ நின்றதில்லை. லிஃப்ட்கூட நின்றதில்லை. வாயைத் திறக்காமல், கையை மட்டும் தூக்கி ஒரு விமானத்தை நிறுத்துகிற வேலை இருக்கிறது என்றால் அது எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அதற்குமுன் எதையும் நான் அப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். கேட்டவர்கள் எல்லோரும் வெயிலில் கறுத்துப்போவாய் என்றார்கள். ஏற்கெனவே எனக்கு அந்தப் பக்கம் கவலைப்பட எதுவும் மிச்சம் இல்லை.

இந்த இடத்தில் என் குறையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு லெஃப்ட், ரைட் என்றால் உடனே புரியாது.

நான் இடக்கைக்காரி. எழுதுவது, கோலம் போடுவது, கதவைத் திறப்பது எல்லாம் இடக்கையால். சாப்பிடுவதை மட்டும் அம்மா அடித்து மாற்றிவிட்டார். எங்கள் வீட்டில் வலம் இடம் என்ற சொற்களே கிடையாது. சோத்தாங்கை, பீச்சாங்கை, அவ்வளவுதான். முருகன் கோயில் எங்கே என்று யாராவது கேட்டால், "சோத்தாங்கைப் பக்கம் திரும்பி நேராப் போங்க" என்று வழி சொல்கிற ஊர். அதுவரை குழப்பமில்லை.

ஒன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். ரைட் எந்தப் பக்கம் என்று மறக்காமல் இருக்க அவர் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். "ரைட் பண்ற கைதான் ரைட்டு. எல்லாரும் பென்சில் புடிக்கிற கையத் தூக்குங்க." நாற்பது பிள்ளைகள் ஒரு கையைத் தூக்கினார்கள். நான் இன்னொரு கையைத் தூக்கினேன். டீச்சர் என் பக்கம் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் ஒரு வலக்கை, பள்ளிக்கூடத்தில் ஒரு வலக்கை. இது போதாதென்று டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசிலடித்து "ரைட், ரைட்" என்பார். பஸ் வலது பக்கம் திரும்பாது, நேராகப் போகும். ஆக, ரைட் என்ற ஒரு சொல்லுக்கு எனக்கு மூன்று திசை உண்டு. கூகுள் அம்மணி "டேக் எ ரைட்" என்று சொல்லும்போதெல்லாம் நான் கணவரிடம், "உங்க சோத்தாங்கைப் பக்கங்க" என்று மொழிபெயர்த்துச் சொல்வேன். அதற்குள் திருப்பம் போய்விடும். அப்புறம் ஹடப்சர் மேம்பாலத்தில் ஏறி, எங்கேயோ இறங்கி, இருவரும் பேசாமல் வீடு வந்து சேர்வோம்.

பயிற்சி கொடுத்தவரை நாங்கள் சர் என்று கூப்பிடுவோம். மராட்டியர். ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருஷ வெயிலைக் குடித்த முகம், நரைத்த மீசை. இந்தியும் மராட்டியும் கலந்து பேசுவார். சரியாகச் செய்தால் 'பரோபர்' என்பார், தப்பாகச் செய்தால் 'கலத்' என்பார். இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே அவர் ஒரு துறையை நடத்திக்கொண்டிருந்தார். மோசமான மனிதர் இல்லை. டீ குடித்தால் எல்லோருக்கும் சொல்வார்.

முதல் நாளே அவர் சொன்ன விதி இது. விமானத்துக்கு எதிரே போய் நின்றுவிட்டால் உனக்கு லெஃப்ட், ரைட் என்று எதுவும் கிடையாது. லெஃப்ட் என்றால் பைலட்டின் லெஃப்ட். ரைட் என்றால் பைலட்டின் ரைட். நீ எதிரே நிற்கிறாய் என்பதால் அவருடைய சோத்தாங்கை உனக்குப் பீச்சாங்கைப் பக்கம் இருக்கும். விமானம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கையை நீட்டிக் காட்டு. மற்றக் கையால் வா வா என்று கூப்பிடு. சந்தேகம் வந்தால் நிறுத்திவிடு.

சோத்தாங்கை என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அது என் மொழிபெயர்ப்பு. ஏற்கெனவே மூன்று ரைட் வைத்திருந்தவளுக்கு அவர் கருணையோடு நாலாவதாக ஒன்றைக் கொடுத்தார்.

தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் சக்கர நாற்காலி மேசையே கதி, மறுபடி பெயர் கொடுக்க முடியாது. தேர்வுக்காக நிஜ விமானத்தைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில், பெட்டிகள் இழுக்கும் டிராக்டர்தான் விமானம். அதை ஓட்டுகிறவர்தான் பைலட். சர் திசையைக் கூவுவார். நாம் அதற்குரிய சைகையைக் காட்ட வேண்டும். டிராக்டர் அதன்படி திரும்பும். டிராக்டர்காரர் தன் வேடத்தை ரொம்பவும் ரசித்துச் செய்தார். பைலட் மாதிரி கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதல் தேர்வில் சர் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்று, "ரைட்!" என்று கூவினார். நான் இரண்டு கைகளையும் முழங்கையோடு மடக்கி, வா வா, நேராக வா என்று கூப்பிட்டேன். கண்டக்டர் ரைட் என்று சொன்னால் வண்டி நேராகத்தானே போக வேண்டும்? டிராக்டர் நேராக வந்து, எனக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியை முட்டி நின்றது. "மேடம் புலாயா, மே ஆயா" என்றார் டிராக்டர்காரர். மேடம் கூப்பிட்டாங்க, நான் வந்தேன் என்று அர்த்தம். அதில் ஒரு பிழையும் இல்லை. சர் 'கலத்' என்று எழுதிக்கொண்டார். அதிலும் பிழையில்லை. எனக்கு நியாயமாகக் கிடைத்த தோல்வி அது.

இரண்டாவது தேர்வு ஜூலையில். புனே மழைக்கு ஒரு குணம் உண்டு. கொட்டித் தீர்க்காது, விடவும் விடாது. நான் இந்த முறை தயாராக வந்திருந்தேன். சோத்தாங்கை மணிக்கட்டில் கறுப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தேன். பைலட்டின் லெஃப்ட் என்றால் என் கயிறு கட்டின கையை நீட்ட வேண்டும். பைலட்டின் ரைட் என்றால் கயிறு இல்லாத கை. ஒரு எருமை மாட்டுக்குக்கூடப் புரியும்படி எளிமையாக்கி வைத்திருந்தேன்.

மழை என்பதால் சர் டிராக்டர் பக்கம் போகவில்லை. எனக்குப் பின்னால், கொட்டகை வாசலில் கூரைக்கு அடியில் நின்றார். அங்கிருந்து கூவினார். "லெஃப்ட்!" நான் கயிற்றைப் பார்த்தேன். அந்தக் கையை நீட்டினேன். "கலத்!" என்றார். "ரைட்!" கயிறு இல்லாத கையை நீட்டினேன். "கலத்!" இப்படி நாலு முறை. நாலும் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கையை நீட்டியிருந்தால்கூட நாலில் இரண்டு சரியாக வந்திருக்கும். நான் சிரமப்பட்டு யோசித்து நாலையும் தப்பாகச் செய்திருக்கிறேன் என்றால் எனக்குள் ஏதோ ஒரு அபூர்வத் திறமை இருக்க வேண்டும். நனைந்த உடுப்போடு பஸ்ஸில் வரும்போது அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துப் போட்டேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் கோபிக்கவில்லை. அது இன்னும் மோசம். "உனக்கெதுக்கு இந்த வேல? டெஸ்டிங் கோர்ஸ் ஒண்ணு பண்ணீட்டீன்னா எங்க ஆபீஸ்லயே பாத்துக்கலாமல்ல. அங்க லெஃப்டும் இல்ல, ரைட்டும் இல்ல" என்றார்.

மூன்றாவது வாய்ப்புக்கு வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டு மாதம் போயிற்று. அந்த எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஹாலில் பயிற்சி நடந்தது. என் கையில் இரண்டு பூரிக்கட்டை. கணவர், வீட்டிலிருந்து வேலை செய்ய வாங்கின, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, காலால் தரையைத் தள்ளிக்கொண்டு சோபாவைச் சுற்றி வருவார். அவரே லெஃப்ட், ரைட் என்று சொல்லிக்கொள்வார், நான் காட்டுவேன். கீழ் வீட்டு மராட்டி அம்மா ஒரு நாள் மேலே வந்து, ஞாயிற்றுக்கிழமையானால் காலையில் என்ன அரைக்கிறீர்கள் என்று கேட்டார். பூரிக்கட்டையோடு கதவைத் திறந்த என்னையும், நாற்காலியோடு நடு ஹாலில் நின்ற கணவரையும் பார்த்துவிட்டு, குடும்ப விஷயம் என்று நினைத்தாரோ என்னவோ, பதில் வரும்வரை காத்திருக்காமல் இறங்கிப் போனார்.

"வீட்ல சரியாத்தானே காட்டற? அங்க போனா மட்டும் ஏன் சொதப்பற?" என்று கணவர் கேட்பார். நான் ஒரு முட்டாள் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். ஆபீசில் டீ குடிக்கும்போது சொல்வேன். கணவரின் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் சொல்வேன். "நாலுக்கு நாலு தப்பாக் காட்டுனவ நான்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிட்டால் வலிக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வலிக்கத்தான் செய்தது.

மார்ச்சில் என் முறை வந்தது. ஹோலி விடுமுறைக் கூட்டம். பெட்டி இழுக்கவே டிராக்டர் போதவில்லை, விமானமாக நடிக்க எங்கே வரும்? ஆளும் குறைவு. மேலிடத்தில் கேட்டுக்கொண்டு, நிஜ விமானத்திலேயே என்னைச் சோதித்துவிடலாம் என்று சர் முடிவு செய்தார். அவரும் கையில் மட்டைகளோடு எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நிற்பார். நான் ஏதாவது ஏடாகூடம் செய்தால் உடனே அவர் வாங்கிக்கொள்வார். டிராக்டரிலேயே தேறாதவளை விமானத்தின் முன்னால் நிறுத்துவது என்ன நியாயம் என்று எனக்கே தோன்றியது. ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு முன்னால் எந்த நியாயமும் நின்றதில்லை.

காலை பத்து மணி வெயில். காதில் அடைப்பான், உடம்பில் பளபளக்கும் மேல்சட்டை. விமானம் தூரத்தில் திரும்பி எங்கள் பக்கம் மூக்கைக் காட்டியது. இரண்டு கைகளையும் உயர்த்தி, உன் இடம் இதுதான் என்று காட்டினேன். வந்தது. டிராக்டர் வருவதற்கும் இது வருவதற்கும் உள்ள வித்தியாசம் காலடித் தரையிலேயே தெரிந்தது.

நேராக வா, நேராக வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் மூக்குச் சக்கரம் மஞ்சள் கோட்டை விட்டு என் சோத்தாங்கைப் பக்கமாக மெல்ல விலகியது. அதைப் பீச்சாங்கைப் பக்கம் இழுக்க வேண்டும். அது பைலட்டுக்கு ரைட். அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

நிஜ விமானத்தோடு நடக்கும் தேர்வில் சர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் முப்பது வருஷம் கூவின வாய் சும்மா இருக்குமா? பின்னால் கிட்டத்தில் வந்து, அடைப்பானையும் மீறிக் கேட்கிற குரலில், "லெஃப்ட் மேடம், லெஃப்ட்!" என்றார்.

லெஃப்ட் என்றால் பைலட்டின் லெஃப்ட். அப்படியென்றால் நான் சோத்தாங்கையை நீட்ட வேண்டும். நீட்டினால் விமானம் இன்னும் விலகிப்போகும். கண் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் எஞ்சின் ஓடுகிற விமானத்துக்கு எதிரே நின்றவர்கள் இல்லை. விசாரிக்க எனக்கு இரண்டு நொடிகூட இல்லை. சந்தேகம் வந்தால் நிறுத்து என்பது பாடம். விமானத்தின் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை, என் மேல்தான் இருந்தது. அதற்கு என்ன சைகை என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பீச்சாங்கையை நீட்டினேன். சோத்தாங்கையால் வா வா என்று கூப்பிட்டேன். சொன்னதற்கு நேர் எதிராகக் காட்டுகிறேன், இதோடு மூன்றாவது வாய்ப்பும் போய்விட்டது, மேசைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேதான் கூப்பிட்டேன். அழுகை வந்தது. ஆனால் கையை மாற்றவில்லை. சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டுக்கு வந்தது. கோட்டில் ஏறியது. நேராக்கினேன். குறித்த இடத்துக்கு வந்ததும் இரண்டு மட்டைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தேன்.

நின்றது.

ஆட்கள் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்தார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு நன்றி சொல்லும் ஆபீஸ் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். எஞ்சின் சத்தம் அடங்கியது. நான் திரும்பிச் சரைப் பார்க்கவே பயந்தேன்.

"பரோபர்!" என்றார் சர். முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தீர்களா, லெஃப்ட் என்றதும் லெஃப்ட் காட்டினீர்கள். போன முறை இதையே ஏன் செய்யவில்லை?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. நான் காட்டியது ரைட். பைலட்டின் ரைட். அவர் கூவினதற்கு நேர் எதிர். அவரோ சொன்னபடி செய்துவிட்டேன் என்று சந்தோஷப்படுகிறார். அப்போதுதான் அவர் நின்ற இடத்தைப் பார்த்தேன். எனக்குப் பின்னால், நான் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் சொன்ன லெஃப்ட் அவருடைய சொந்த லெஃப்ட். மழை நாளிலும் அவர் இப்படித்தான் நின்றார், எனக்குப் பின்னால், கூரைக்கு அடியில். நாலு முறை கூவினார். நாலும் அவருடைய லெஃப்ட், அவருடைய ரைட். நான் நாலு முறையும் பைலட்டின் லெஃப்டையும் ரைட்டையும் காட்டினேன்.

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்து, பெட்டி வண்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போடும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. நான் முட்டாளாக இருக்கலாம். அவ்வளவு முட்டாள் இல்லை. படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்ட பிறகு, எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"சர், நீங்கள் லெஃப்ட் சொன்னீர்கள். நான் காட்டினது பைலட்டுக்கு ரைட் இல்லையா?"

"இல்லை, லெஃப்ட்" என்றார் உடனே. பிறகு விமானத்தைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி, பைலட் பார்க்கும் திசையைப் பார்த்து நின்றார். தொடைக்குப் பக்கத்தில், யாருக்கும் தெரியாமல், ஒரு கையின் விரல்களைக் குவித்துச் சோறு பிசைவது போல் அசைத்தார். அந்த அசைவு என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மறுபடி என் பக்கம் திரும்பி நின்று, அதே விரல்களை மறுபடி அசைத்தார். முகம் மாறியது. அவருடைய ஊரிலும் ஒரு டீச்சர் இருந்திருக்க வேண்டும்.

"அந்த மழை நாளில், சர்?" என்றேன். "நாலு முறை?"

ஏணிப்படியை ஒட்டியாயிற்று, விமானத்தின் கதவு திறந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். "ஷாயத்" என்றார் சர். ஒருவேளை. "ஷாயத் பரோபர் தா." ஒருவேளை நீங்கள் செய்தது சரியாக இருந்திருக்கலாம். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. ஆனால் டீ குடிக்கலாமா மேடம் என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் முதல்முறையாக வேண்டாம் என்று சொன்னேன்.

சாயங்காலம் கணவர் என்னைக் கூட்டிப்போகக் காரோடு வந்திருந்தார். ஏறி உட்கார்ந்து கையெழுத்தான படிவத்தைக் காட்டினேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பிறகு மழை நாள் விஷயத்தைச் சொன்னேன். ஒரு டெஸ்டர் எப்படிக் கேட்பாரோ அப்படிப் பொறுமையாகக் கேட்டார்.

"பெரிய மனுசன், உன்னச் சமாதானப்படுத்தறக்குச் சொல்லியிருப்பாரு. முப்பது வருச சர்வீசு. நாலுக்கு நாலும் அவரா தப்புப் பண்ணியிருப்பாரு?"

"ஆமாங்க. அவருதான் தப்பு. அன்னைக்கு நான் நாலும் சரியாத்தான் காட்டுனேன்."

அவர் என்னைப் பார்த்தார். கிண்டல் இல்லை, உண்மையான குழப்பத்தோடு கேட்டார். "அப்பறம் எதுக்கு எட்டு மாசமா, நாந்தான் தப்பு, நாந்தான் தப்புன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லீட்டுத் திரிஞ்ச?"

சரின் மேல் நான் வைத்திருந்த கோபம் முழுவதும் அந்த இடத்தில் அப்படியே திரும்பி என் மேல் வந்து விழுந்தது. சர் 'கலத்' என்று சொன்னது மழையில் ஒரு மதியம், நாலே முறை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் சொல்லவில்லை. மிச்ச நாளெல்லாம் சொன்னது நான்தான்.